தாலி பதியாத கேசட்

தங்கையா அண்ணன் போய்விட்டார். காலையில் மலைமேல் ரிங்லெட்டிலிருந்து அவர் மகள் போன் செய்தாள்... மத்தியானம் மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம்.

நான் மலைக்குக் கீழே ஈப்போவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். டிவிடி இன்னும் முடியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அதனால் இங்கே நெட்டில் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டியவர் அண்ணன். சனி ஞாயிறு வந்தால் வீடியோக்காரர். கல்யாணம், காதுகுத்து, தீமிதி எதுவானாலும் ஒரு தோளில் கேமரா, மறு தோளில் ரெக்கார்டர் பெட்டி என்று வந்து நிற்பார்.

அவர் லைட்டைப் போட்டால் லயத்து வீடுகளின் பல்பெல்லாம் மங்கிப் போகும். "டேய் தங்கையா, பொண்ணு மூஞ்சி தெரியுது, எங்க எலையில சோறு தெரியலடா!" என்று பந்தியிலிருந்து கத்துவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

மலைக்குளிரில் கேசட் பூஞ்சை பிடிக்கும் என்று வீட்டு அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டிருப்பார். இரவு பகல் எரியும். "பிள்ளைங்களுக்குக் கம்பளி பத்தல, இவரு கேசட்டுக்குச் சூடு காட்டுறாரு" என்று அவர் மனைவி சரசு அக்கா, யார் போனாலும் சொல்லிக்காட்டுவார்.

எங்கள் வீட்டில் அந்தப் பல்ப் இல்லை. என் கல்யாணக் கேசட்டில் பூஞ்சை. இப்போது அதுதான் என் உயிரை வாங்குகிறது.

என் கல்யாணத்தை எடுத்ததும் அண்ணன்தான். வெளியே பனியில் மாப்பிள்ளை அழைப்பை எடுத்துவிட்டு அப்படியே கோயில் மண்டபத்துக்குள் வந்து ஸ்டாண்டில் கேமராவை மாட்டினார். உள்ளே ஓமப்புகை, மண்டபம் நிறைய ஜனம்... சரியாக முகூர்த்த நேரத்தில் லென்ஸ் வேர்த்துப் போனது.

டிவியில் போட்டுப் பார்த்தால் திரை முழுக்க வெள்ளை. அவர் குரல் மட்டும் கேட்கும். "ஐயரே, கொஞ்சம் நில்லுங்க லா! கண்ணாடி மூடிக்கிச்சு!"

முகூர்த்தத்துக்கு ஐயர் நிற்பாரா? கெட்டிமேளம் கேட்கும். அவ்வளவுதான், தாலி ஏறிவிட்டது.

நான் லேசில் விடவில்லை. கண்ட இடத்தில் எல்லாம் "எங்கண்ணே என் தாலி?" என்று கேட்பேன். "கழுத்துல இருக்கே, குனிஞ்சு பாத்துக்க" என்பார்.

போன மாதம் பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. சரசு அக்கா போன் செய்தார்.

"ஊரு கல்யாணத்தையெல்லாம் எடுத்தாரும்மா, அவரு ஒண்ணுலயும் இல்ல. ஒங் கல்யாணத்துல கண்ணாடி தொடைக்க முன்னுக்கு வந்தாரே... அது இருக்கா? அவரு கொரல கேக்கணும் போல இருக்கு."

அக்காவுக்கு பென்டிரைவ், ஹேண்ட்போன் எல்லாம் சரிப்படாது. டிவிடி போடத்தான் தெரியும். கடையில் மாற்றி வைத்த டிவிடி என்னிடம் இருந்தது. எடுத்துப் பார்த்தால் அந்த இடமே காணோம்!

கடைக்குப் போனேன். "அந்த எடம் ரோசாக் லா ஆன்ட்டி, கெட்டுப்போச்சு, வெறும் வெள்ளையா இருந்துச்சு, வெட்டிட்டேன்" என்கிறான் பையன். அவனை அடிக்கவா முடியும்? பழைய வீடியோ டெக் ஒன்றை இரவல் வாங்கி, நானே கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

முழுக் கல்யாணத்தையும் ஒரே டிஸ்க்கில் அடைத்தேன். படத்தை அமுக்கி அமுக்கி, பனியெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்தது. அண்ணன் முகமும் சதுரம்.

சரி, அந்தத் துண்டு மட்டும் போதும் என்று வெட்டி, தரத்தை உச்சத்தில் வைத்தேன். முகம் வந்தது. ஆனால் வாய் மூடிய பிறகு பேச்சு வருகிறது! பூஞ்சை பிடித்த இடங்களில் கம்ப்யூட்டர் படத்தை விட்டுவிட்டு சத்தத்தை மட்டும் பிடித்திருக்கிறது... வாயசைவு முன்னே, குரல் பின்னே. அப்படி ஒன்றை அக்காவிடம் எப்படிக் கொடுப்பது?

நேற்றுத்தான் வழி தெரிந்தது. துடைக்க வரும்போது அவர் கை லென்ஸில் இடிக்கிறது, 'டொக்' என்று. கை படும் இடத்தையும் அந்த டொக்கையும் ஒன்றாக இழுத்து வைத்தேன். விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருந்தேன். காலையில் போன்.

அவசரத்தில் எழுதிய டிஸ்க் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, டிவிடி பிளேயரில் போட்டால் துப்புகிறது. கடைசியில் ஃபைனலைஸ் செய்து மூடவில்லையாம். மறுபடியும் எழுதவிட்டு இதோ உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் என் வீட்டுக்காரர் ஹாரன் அடிக்கிறார். "தாப்பா ரோட்டுல ஜாம்னு சொல்றாங்க, வா லா!"

வந்துவிட்டது. ஹாலில் பிளேயரில் போட்டேன். ஓடுகிறது.

வெள்ளைக்குள் ஒரு கைக்குட்டை வட்டம் போடுகிறது. வட்டத்துக்குள் மூக்கு, மீசை, வியர்த்த முகம்... எவ்வளவு சின்ன வயசு அண்ணனுக்கு! திரும்பி அக்காவைப் பார்த்துச் சொல்கிறார்.

"போச்சு சரசு... தாலி போச்சு. இந்தப் பொண்ணு இனிமே என்னை உசுரோட விடாது."

வாயும் குரலும் ஒன்றாக இருக்கின்றன. இதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

கிளம்பிவிட்டேன். ரிங்லெட்டில் யாராவது இதைப் படித்தால், அக்கா வீட்டு டிவிடி பிளேயரை டிவியில் மாட்டி வையுங்கள். நான் வரும்வரை அண்ணனை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வந்துகொண்டே இருக்கிறேன் அண்ணே.

ஐயரே, கொஞ்சம் நில்லுங்க லா.