புவனகிரி வீட்டில் நின்ற லாரி

அறுபதுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஒரு பழைய லாரி இருந்தது. உலக யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே மூட்டை ஏற்றினேன். நானே முதலாளி, நானே டிரைவர்.

ஒரு மாசியில், குறிஞ்சிப்பாடியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை ஏற்றி வரும்போது டைனமோ புகைந்தது. அதன்பின் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. விளக்கு எரியாது. ஹேண்டிலைச் சுற்றித்தான் இஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

கடலூரில் கம்பி சுற்றி வைண்டிங் கட்டுகிறவர் அதைப் பிரித்துப் பார்த்தார். "உள்ள எல்லாம் கரிஞ்சி போச்சி. கட்டிக் குடுத்தாலும் பத்து நாள் தாங்காது. வேற டைனமோ பாருங்க."

கடைகளில் காட்டிய புது டைனமோ எதுவும் என் வண்டியில் உட்காரவில்லை. பண்ருட்டியில் லாரி நிற்கும் இடமெல்லாம் விசாரித்தேன். கடைசியில் சிதம்பரத்து மெக்கானிக் ஒருவர்தான் சொன்னார்.

"புவனகிரியில இதே வண்டி ஒண்ணு நிக்குது மச்சான். ஓட்டுனவரு செத்துப் போயிட்டாரு. ஆனா அவரு சம்சாரம் ஒரு ஆணியக்கூட தொட விடாது."

பஸ் ஏறிப் போனேன். வீட்டின் பின்புறம், கீற்றுக் கொட்டகைக்குள் லாரி நின்றது. இறந்தவரின் மனைவிக்கு நாற்பது வயதிருக்கும். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் இறுகியது.

"எத்தினி பேரு வந்துட்டாங்க. எல்லாரும் ஒடைச்சி எடைக்குப் போடத்தான் கேக்கறாங்க."

"நான் ஓட்டறதுக்குக் கேக்கறேன்க்கா. என்னுதும் இதே வண்டிதான்."

"வெளக்கு இல்லாமயா ஓட்டறீங்க?"

"பொழுதோட திரும்பிடறேன்."

லாரியின் பக்கம் திரும்பினார். "அவுருக்கு நெஞ்சு வலிச்சப்பகூட ஓரங்கட்டி நிறுத்திட்டுத்தான் சாஞ்சாராம். வண்டியில ஒரு கீறல் இல்ல பாருங்க." பிறகு சொன்னார்: "கழட்டிக்குங்க."

பானெட்டைத் தூக்கினேன். ஒவ்வொரு ஒயரிலும் துணி நாடா சுற்றி, எது எங்கே போகிறது என்று தெரிய நூலில் முடிச்சுப் போட்டிருந்தார் அந்த மனிதர். அவரை நான் பார்த்ததே இல்லை. போல்ட்டுகளைக் கழற்றி முடிப்பதற்குள் பழகியவர்போல ஆகிவிட்டார். ஒயர்களை வெட்ட மனம் வரவில்லை. பொறுமையாகப் பிரித்து, மடித்துக் கட்டி வைத்தேன்.

மறுவாரம் டைனமோவைப் பொருத்திய என் லாரியை அந்த அம்மாவின் வீட்டுக்கே ஓட்டிப் போனேன். சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"வெளக்கப் போடுங்க தம்பி."

உச்சி வெயில். போட்டேன். அருகில் வந்து விளக்குக் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார். சூடு ஏறும்வரை எடுக்கவில்லை. பிறகு உள்ளே போனார்.

அதற்குப் பின் இரண்டு முறை போனேன். ஒருமுறை டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கட்அவுட், ஒருமுறை இஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார். இரண்டு முறையும் கொட்டகைப் படலை அவரே விலக்கிவிட்டார். என் வண்டி ஓட ஓட அவர் வண்டி வெறும் கூடாகிக்கொண்டே போனது. நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

மூன்றாம் முறை ஹாரன் கேட்டுப் போய்ப் பானெட்டைத் தூக்கினேன்.

"அது வேணாம் தம்பி," என்றார். "தெருமுனையில அந்தச் சத்தம் கேட்டப்புறந்தான் அவுருக்கு ஒல வெப்பேன்."

நான் பானெட்டை மூடினேன். கடலூரில் ரப்பர் பந்து ஹாரன் ஒன்று வாங்கிக் கதவோரம் மாட்டிக்கொண்டேன். வண்டியை விற்கும்வரை அதையே அமுக்கினேன்.