பன்னிரண்டாவது தூண்

சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் மச்சினன் வாயைக் குவித்து இரண்டு முறை விசில் அடித்தான். பஸ் கிளம்பிவிட்டது. உள்ளே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நிஜக் கண்டக்டர் ஜன்னல் வழியாக எங்களை முறைத்துக்கொண்டே போனார்.

"ரிட்டயர் ஆனவனுக்கு எதுக்குடா இந்த வேலை?" என்றேன்.

"எனக்குத்தான் மாமா ரிட்டயர்மென்ட்டு. வாயிக்கு யாரு ஆர்டர் குடுத்தது?"

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. வேலைக்காலம் முழுதும் பஸ் கண்டக்டர். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். வீட்டிலும் அவனுக்கு அதே பழக்கம்தான். பந்தியில் சாப்பிட்டு முடித்து எழுந்தால் இரண்டு அடிப்பான். நான் பேச ஆரம்பித்து நிறுத்தாமல் போனால் ஒன்று. நான் நெல் கிடங்கில் மூட்டை எண்ணிச் சம்பளம் வாங்கியவன். எண்ணாமல் எதையும் பார்க்க எனக்கு வராது. கல்யாண வீட்டில் இலையை எண்ணுவேன், சாவு வீட்டில் செருப்பை எண்ணுவேன். இரண்டுக்கும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அன்று நான் கவனமாக எண்ணிக்கொண்டிருந்தது, அவன் எத்தனை இடத்தில் மூச்சு வாங்கி நிற்கிறான் என்பதை. அந்த வாரக் கடைசியில் சென்னையில் அவன் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்வதாக இருந்தது. அதுவரை மெல்ல நடக்கலாம், வெயில் ஏறுவதற்குள் நிழலுக்குப் போய்விட வேண்டும், வலித்தால் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பயமாக இருக்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. "உங்க ஒடஞ்ச கோயிலு ஒண்ணாச்சும் காட்டுங்க மாமா. அத்தினி வருசம் இந்த வயில வண்டில போய்க்கினு இருந்தேன், எறங்கிப் பாத்ததே இல்ல" என்றான். இடிந்த கோயில்களைத் தேடி அலைவது என் கிறுக்கு. அவன் அதைக் கேலி செய்வதோடு சரி.

"எப்டி இட்டுக்கினு போறீங்களோ அப்டியே இட்டுக்கினு வந்துடுங்க" என்று என் மனைவி வாசலில் நின்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஏரிக்கரை மேல் நடந்தோம். முதல் கோயிலில் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். அதைச் சுற்றி ஒரு வரிசை யாளித் தலைகள், பத்தொன்பது. அதில் ஏழுக்கு முகம் இல்லை. "பல்லு கொட்டிப்போன உங்க ஆபீஸ் குரூப் போட்டோ மாரி கீது" என்றான் மச்சினன். இரண்டாவது, வயலுக்கு நடுவில் ஒரு மண்டபம். உள்ளே பம்புசெட் மோட்டாரும் உர மூட்டைகளும் இருந்தன. மூட்டைகளைக் கண்டதும் நான் எண்ண ஆரம்பித்தேன். அவன் ஒற்றை விசில் அடித்து என்னை நிறுத்தினான். அதுவரை நான்கு இடத்தில் நின்றிருந்தான். நான்காவது இடத்தில் கரும்பலகை போல முகம் கறுத்திருந்தது. திரும்பிவிடலாம் என்றேன். அவன் கேட்கவில்லை.

மூன்றாவது கோயில் ஏரியின் கடைக்கோடியில், கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. கூரை எப்போதோ விழுந்துவிட்டது. முன்மண்டபத்துத் தூண்கள் மட்டும் எதையும் தாங்காமல் நிற்கின்றன. கருவறைச் சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசமரம் வளர்ந்து, தன் வேரை முன்மண்டபம் வரைக்கும் கல் மேல் இறக்கியிருக்கிறது. அங்கே நுழைந்ததும் எங்கள் இருவர் குரலும் தானாகத் தணிந்தன. காற்று இருந்தது, இலை அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. யாரோ உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து உள்ளே போன வீட்டுக்குள் வந்துவிட்டாற்போல எனக்கு ஒரு கூச்சம் ஏற்பட்டது. இத்தனைக்கும் மண் தரையில் எங்கள் காலடி தவிர மனிதக் காலடி ஒன்றுகூட இல்லை.

சுவரின் கீழ்வரிசையில் எழுத்து இருந்தது. நான் குனிந்து விரலால் தடவித் தடவிப் படித்தேன். "சாவா மூவாப் பேராடு" என்ற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"அப்டீன்னா?"

"கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு கொடுப்பாங்க. அந்தப் பால் நெய்யில விளக்கு அணையாம எரியணும். ஒண்ணு செத்தா மந்தையில பொறந்த இன்னொண்ணு அந்த எடத்துக்கு வந்துடும். கணக்கு கொறையவே கொறையாது. அதனால சாவும் கிடையாது, கெழடும் ஆகாது."

"நம்ம டிப்போ டூட்டி மாரி. ஒருத்தன் லீவு போட்டா இன்னொருத்தன்" என்றான். பிறகு, "அந்த ஆட்டுப் பாலு எனக்கு ஒரு டம்ளர் கெடைக்குமா மாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எத்தனை ஆடு என்ற எண் இருந்த இடத்தில் கல் உடைந்திருந்தது. அதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவன் கருவறை வாசலுக்கு எதிரே விழுந்து கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். நான் தூண்களை எண்ணினேன்.

"பதினொண்ணு."

"பன்னெண்டு மாமா" என்றான், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

மறுபடி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பதினொன்றுதான். "நெல்லு மூட்டை எண்ணுறவன்கிட்டயே கணக்கு சொல்றியா?"

"வண்டில ஆள எண்ணுறவன் மாமா நானு. மூட்டயாச்சும் ஒரே எடத்துல கீது. ஜனம் ஏறும், எறங்கும், படில தொங்கும். பன்னெண்டுன்னா பன்னெண்டு. தோத்தா ஒரு டீ."

கருவறைக்குள் லிங்கம் வாசலைப் பார்த்து இருந்தது. மேலே வானம். சிலந்தி வலை, காய்ந்த பறவை எச்சம். வெடித்த களிமண் போலக் கல் காய்ந்திருந்தது. "இன்னா மாமா, தண்ணி கூட ஊத்தாம வெச்சிக்கினு கீறாங்க" என்று சொல்லிக்கொண்டே மச்சினன் எழுந்து போனான். தோளில் கிடந்த துண்டால் துடைத்தான். எங்களிடமிருந்த தண்ணீர் பாட்டிலில் பாதியை மெல்ல ஊற்றினான். கல் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நான் பார்த்தேன். கறுப்பு பரவி, உடனே சுருங்கியது.

"யோவ்! ஊத்தாத! ஊத்தாதய்யா!"

வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். கையில் தொரட்டி, பின்னால் பதினான்கு ஆடுகள். நூறு நாள் வேலை இல்லாத நாளில் ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவள் என்று பிறகு சொன்னாள். விழுந்து கிடந்த வாசல்கல்லைத் தாண்டி அவள் உள்ளே வரவில்லை.

"ஏம்மா, சாமிக்குத் தண்ணி ஊத்துனா தப்பா?" என்றான் மச்சினன்.

"ஊத்திட்டியா? போச்சு. நாளிக்கி யாரு வருவா? நீ வருவியா?"

"நானு உத்திரமேரூரும்மா. ரிட்டயரான கண்டக்டரு."

"அதான் கேக்கறேன். எங்க ஊர்ல ஒருத்தரும் உள்ள போமாட்டாங்க. பயம்லாம் ஒண்ணும் இல்ல. பாவம்னுதான். யாருமே வராத வரிக்கும் அவரு பாட்டுக்கு கீறாரு, பயகிப்போச்சி. ஒரு நா வந்து ஊத்திட்டா, மறுநாளும் வருவாங்கன்னு வாசலயே பாத்துக்கினு ஒக்காந்துகினு இருப்பாரு."

"நீ ஆடு மேய்க்கசொல்ல கூப்புடுவாரா?"

"கூப்புடமாட்டாரு. அதான் பேஜாரு."

அதைச் சொன்னபோது அவள் கருவறைப் பக்கம் பார்க்கவில்லை. ஆடுகளைப் பார்த்துச் சொன்னாள். இதெல்லாம் வேண்டாத பேச்சு, வெயில் ஏறுகிறது, கிளம்பு என்று நான் அவனை அவசரப்படுத்தினேன்.

மச்சினன் எல்லாவற்றையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவன். ஆனால் அப்போது திரும்பி லிங்கத்துக்கு எதிரே போய் நின்று, பஸ்ஸில் பாஸ் இல்லாத கிழவரிடம் பேசுவது போலத் தணிவாகச் சொன்னான். "தோ பாரு சாமி. ஒரு சின்ன ரிப்பேரு வேல கீது எனக்கு. அது முடிஞ்சதும் வேற எங்கியும் போமாட்டேன். மொதல்ல இங்கதான். வந்து ஊத்தறேன்."

அந்தப் பெண் தொரட்டியால் தரையைக் குத்தினாள். "வாயக் குடுத்துட்டான்யா" என்றாள்.

அவன் வெளியே வந்து எனக்காக இரண்டு விசில் அடித்தான். நடந்தோம். திரும்பும் வழியில் அவன் எனக்குப் பின்னால் வந்தான். நான் ஆறு முறை திரும்பிப் பார்த்தேன். அவன் ஒருமுறைகூட நிற்கவில்லை. டீக்கடையில் பந்தயத்தை ஞாபகப்படுத்தினான். பதினொன்றுதான் என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். இரண்டு டீயும் அவன்தான் வாங்கினான், "கண்ணு தெரியாத மாமாவுக்கு என் செலவு" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டே. எப்படிக் கூட்டிப்போனேனோ அப்படியே அவனை அன்று வீட்டில் கொண்டுவந்து சேர்த்தேன்.

ஆபரேஷன் அன்று அவனைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துப் பச்சைத்துணி போர்த்தியிருந்தார்கள். தியேட்டர் கதவுக்கு முன்னால் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. என் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் அவன் மல்லாந்தபடியே வாயைக் குவித்து இரண்டு விசில் அடித்தான். வண்டி தள்ளினவர்கூடச் சிரித்துவிட்டார். கதவு மூடிக்கொண்டது.

அவன் பிறகு கண் திறக்கவில்லை. இரண்டு நாள் பார்த்தார்கள். அப்புறம் நாங்கள் அவனைக் கொண்டுவந்தோம். யார்மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. செருப்புகளை நான் எண்ணவில்லை.

காரியம் முடிந்து உறவினர் எல்லாரும் போன பிறகு எனக்கு ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. சோற்றில் கை வைத்தால், வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கல் நினைவுக்கு வரும். தண்ணீர் குடித்தால் வரும். மச்சினன் முகத்தை நினைக்க முயன்றாலும் முன்னால் அதுதான் வந்து நின்றது. படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. என் மனைவி ஒரு மத்தியானம், "எங்கியோ போவணும்னு கெளம்பிக்கினே கீறீங்க, போயிட்டுத்தான் வாங்களேன்" என்றாள். ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஏரிக்கரையில் தனியாக நடந்தேன். வழியெல்லாம் பின்னால் காலடி கேட்டது. நின்றால் நின்றது. என் செருப்புச் சத்தம்தான், கரையில் பட்டுத் திரும்புகிறது என்று தெரிந்தும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் கோயிலுக்கு வெளியே வேப்பமர நிழலில் இருந்தாள். ஆடுகள் பதினைந்தாகியிருந்தன.

"வந்துட்டியா? நல்லா கீதே நாயம்! நீங்க பாட்டுக்கு ஊத்திட்டுப் பூட்டீங்க. மறுநா வந்து எட்டிப் பாத்தேன், காஞ்சிபோயி கீறாரு. மனசு கேக்கல. அன்னிலருந்து தெனமும் நான்தான் கொடம் தூக்கறேன். எம் பொண்ணு கேக்கறா, உனக்கு இன்னா பைத்தியமான்னு. எங்க அந்தக் கண்டக்டரு?"

சொன்னேன்.

அவள் கோயில் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போல என் அருகே வந்தாள்.

"உள்ள போயி அத்த சொல்லிடாத."

"பின்ன?"

"வேலயா கீறாருன்னு சொல்லு. வெளியூரு போயி கீறாருன்னு சொல்லு. வரமாட்டாருன்னு மட்டும் வாயத் தொறக்காத." ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவள் கரைப் பக்கம் இறங்கினாள். "இன்னிக்கி நீ ஊத்து. நான் போறேன்."

உள்ளே போனேன். லிங்கத்தின் அடியில் நேற்றைய ஈரத்தின் தடம் இருந்தது. பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். பாதி வெளியே போயிற்று. கிடங்கில் ஒரு மூட்டை கூட்டியும் குறைத்தும் எழுதாதவன் நான். அங்கே நின்று சொன்னேன். "அவனுக்கு டூட்டி போட்டுட்டாங்க. ரொம்ப தூரத்து வண்டி. முடிஞ்சதும் வந்துடுவான்."

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவன் உட்கார்ந்த கல்லிலேயே உட்கார்ந்தேன். எதிரே அரசமர வேர் இறங்கியிருந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் மட்டும் வேரில் ஒரு பிளவு தெரிகிறது. பிளவுக்குள், நாலாபக்கமும் வேர் சுற்றி மூடிய ஒரு தூண். அதன் கல்முகத்தில் செதுக்கிய பூ ஒன்று. நான் அன்று வேரைத்தான் தொட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

"பன்னெண்டுடா" என்றேன், சத்தமாகவே. பதில் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எழுந்து நின்றேன், ஆனால் கிளம்ப வரவில்லை. இரண்டு விசில் கேட்காமல் அந்த இடத்தைவிட்டு நகர்வது முறையில்லை போலிருந்தது. ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு வாயைக் குவித்து நானே ஊதினேன். எனக்குப் பொய்ப்பல். முதல் ஊதலில் வெறும் காற்று போயிற்று. அடுத்ததில் விசில் வந்தது, மெலிதாக, ஒன்றே ஒன்று. அதன் பிறகு எத்தனை ஊதியும் வரவில்லை.

ஒன்று என்றால் நிறுத்து. மறுபடி உட்கார்ந்துகொண்டேன், வாசலைப் பார்த்தபடி.