கம்போடு வந்த வண்டுகள்

இரண்டு வருடங்களுக்கு முன், தை பிறந்த சமயம். பழவேற்காடு ஏரியை ஒட்டி, நான் வாழ்க்கைப்பட்ட கோட்டைக்குப்பத்தில் நடந்தது இது. பிறந்த ஊர் திருப்பாலைவனம் பக்கம். பஸ்ஸில் ஏறி சாய்ந்து உட்காருவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். ஆனாலும் கல்யாணமாகி நான்கு வருடமாக என் நைனா, அதாவது அப்பா, அந்தப் பஸ்ஸில் ஏறவே இல்லை. நெல் விளைகிற வீட்டுப் பெண், வலை வீசுகிற வீட்டுப் பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டால் சும்மா விடுவார்களா? போனில்கூட "சாப்ட்டியா" என்பதோடு சரி.

அந்த வருடப் புயலில் எங்கள் வலைக்கம்புகள் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டன. ஏரிச் சேற்றில் சவுக்குக் கம்புகளை நட்டு, வலை கட்டித்தான் இறால் பிடிப்போம். நல்ல இடங்களை ஊருக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். எங்கள் பாடு வர இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. கம்பு இல்லாவிட்டால் முறை கைவிட்டுப் போகும். அவர் போனில் "சாப்ட்டியா" என்றபோது இதைப் புலம்பினேனே தவிர, உதவி என்று கேட்கவில்லை. எனக்கும் வீம்பு உண்டு. நடுவதற்கு முன் கம்பை நல்ல தண்ணீரில் ஊறப்போடுவது இங்கே வழக்கம் என்று மட்டும் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் காலையில் வாசலில் குட்டி யானை வந்து நின்றது. பயப்படாதீர்கள், சின்ன லோடு வண்டியைத்தான் அப்படிச் சொல்வோம். முன்சீட்டிலிருந்து நைனா இறங்கினார். வண்டி நிறைய எங்கள் வயலோரத்துச் சவுக்கு. வாய்க்காலில் ஊறப்போட்டு, வெயிலில் வெடிக்கக் கூடாதென்று ஈரச் சாக்கு சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் ஏரிக்குப் போயிருந்தார். மாமியார்தான் சாக்கைப் பிரித்தார். பிரித்ததும் முகம் மாறிவிட்டது. பட்டை முழுக்க எள் அளவில் கருப்பு வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பட்டையும் விரல் பட்டாலே பிய்ந்து வந்தது.

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. உப்புத் தண்ணீரில் மரத்தைத் துளைத்துத் தின்கிற ஒரு புழு உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் கம்பு சடக்கென்று முறியும். வலையோடு எல்லாம் போகும். அதனால் மரத்தில் பூச்சி என்றாலே இங்கே எல்லோருக்கும் பயம்.

"இத்த ஏரில நட்டா ஊராங்க கம்புக்கும் பரவும். அடுப்புக்குத்தான் ஆவும்" என்றார் மாமியார்.

நைனா பிரித்த சாக்கை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். "நான் எடுத்துக்கினு போறேம்மா" என்று என்னிடம் மட்டும் சொன்னார். இந்த வண்டி இப்படியே திரும்பினால், மனுஷன் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

என்ன தோன்றியதோ, மீன் வெட்டும் கத்தியை எடுத்துவந்து ஒரு கம்பை இழுத்துப் போட்டுப் பட்டையைச் சீவினேன். கோபத்தில் சீவினேன் என்பதுதான் நிஜம். உள்ளே மரம் வெள்ளையாக, ஒரு ஓட்டைகூட இல்லாமல் இருந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே. பொன்னேரி கல்லூரியில் விலங்கியல் படிக்கும் என் நாத்தனார் ஓடிவந்து, நாலைந்து வண்டுகளைக் குடிதண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். அவற்றுக்கு நீந்தவே தெரியவில்லை. கூட விழுந்த பட்டைத் துண்டைப் பற்றி ஏறி, அடியிலேயே நடந்தன. வயிற்றில் காற்று ஒட்டி வெள்ளி மாதிரி மின்னியது. ஓடுகிற சுத்தமான தண்ணீரில், ஊறின கட்டையில் மட்டும் இருக்கிற வண்டு இது, மேலே படிகிற பாசியையும் மக்கினதையும்தான் தின்னும், உப்புத் தண்ணீரில் பிழைக்காது என்றாள்.

மகள் படிப்பை மாமியார் எந்தக் காலத்தில் நம்பினார்? கத்தியை என் கையிலிருந்து வாங்கி, தானே ஒரு கம்பை ஆழமாகக் கொத்திப் பார்த்தார். அப்புறம் இன்னொன்று. "கல்லு மாதிரி கீது" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். இங்கே பட்டையை உரித்துவிட்டு ஊறப்போடுவார்கள். நான் அதைச் சொல்லவில்லை, நைனாவுக்கும் தெரியவில்லை. பட்டையோடு போட்டதால் அது ஊறி மக்கி, வாய்க்கால் வண்டுகளுக்கு வீடாகிவிட்டது.

மாமியார் அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து பட்டை உரிக்கத் தொடங்கினார். நைனாவும் இன்னொரு கத்தி வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கத்திச் சத்தம்தான். பிறகு மாமியார், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அடுத்த தபா தோலை உரிச்சிட்டுப் போடுங்க சம்பந்தி."

நைனாவின் கை நின்றுவிட்டது. நான்கு வருடத்தில் அவரை அந்த வீட்டில் யாரும் சம்பந்தி என்று சொன்னதில்லை. "சரிம்மா" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மதியம் எங்கள் வீட்டில் இறால் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். பட்டைகளை ஈரச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். வாய்க்காலில் விட்டுவிடுகிறேன், அதுகள் பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். பாடு தவறவில்லை, கம்புகளும் நின்றன.

இப்போதெல்லாம் நைனா மாதம் ஒரு முறையாவது வந்துவிடுகிறார். அவரும் மாமியாரும் சேர்ந்து என்னைக் குறை சொல்லும்போது எரிச்சல்தான் வருகிறது. ஆனால் அந்த வண்டி அன்று அப்படியே திரும்பியிருந்தால் இந்தக் குறையைக் கேட்கவும் கொடுத்துவைத்திருக்காதே என்று நினைக்கும்போது, இருவருக்கும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றத்தான் கை போகிறது.