சிவப்பு லைட்டு எரிந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம்

ரத்தம் தலைக்கு ஏறி, இரண்டு காதும் குப்பென்று சூடாகிவிடும். கட்டிலில் மல்லாந்து படுத்து, தலையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டுதான் எங்கள் வீட்டு வீடியோவை நான் பார்த்தேன். டிவியில் திருப்பூரே தலைகீழாக நடந்துகொண்டிருந்தது...

எனக்கு அப்போது ஒன்பது வயது. தங்கச்சி ரேவதிக்குக் காதுகுத்து. அப்பா பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுபவர். பனியன் வாங்க வந்த வெளிநாட்டு பையர் பரிசாகக் கொடுத்த வீடியோ கேமராவை முதலாளி அப்பாவுக்கு ஒரு நாள் இரவல் கொடுத்தார். அன்றைக்கு அப்பா நடந்த நடை இருக்கிறதே... கல்யாண மாப்பிள்ளை தோற்றான்!

ஒரே ஒரு தப்புதான் நடந்தது.

நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் மெஷின் நின்றுவிடும், சிவப்பு லைட்டு எரியும். பதினைந்து வருடம் அந்த லைட்டைப் பார்த்துப் பழகிய கண். கேமராவில் பதிவாகும்போதுதான் சிவப்பு எரியும்; அதைப் பார்த்ததும் 'நின்னு போச்சு' என்று பட்டனை அமுக்குவார். அணைந்ததும் 'இப்ப ஓடுது' என்று கண்ணில் வைத்துக்கொள்வார்!

அம்மாவின் அண்ணன், என் மாமா, ரேவதியை மடியில் வைத்துக் காது குத்தியது, சீர்த்தட்டு, அம்மாவின் அரக்குப் பட்டு... ஒன்றுமே பதிவாகவில்லை. விசேஷம் முடிந்து, அப்பா கேமராவை வாரில் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு நடந்தாரே, அது மட்டும் முழுசாகப் பதிவாகியிருந்தது.

அம்மா ஐந்து நிமிடம் பார்த்தாள். "எங்கண்ணன எங்கீங்க? வெறும் ரோடும் செருப்புமால்ல இருக்குது!" டிவியை அணைத்து, கேசட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அடுத்த வருடமே மாமா போய்விட்டார். மாரடைப்பு. அவர் ஞாபகமாக வீட்டில் இருந்தது முறைத்துக்கொண்டிருக்கும் ஒரு பாஸ்போர்ட் ஃபோட்டோ மட்டும். "ஒரு நா கேமரா கெடச்சுது, அதுலயும் எங்கண்ணனக் காணோம்" என்று முப்பது வருடமாக அப்பாவுக்கு அர்ச்சனை.

போன மாதம் ரேவதி அந்தக் கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றி, தலைகீழாக இருந்த படத்தை மட்டும் நேராக்கிக் கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு தின்றுவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம்.

அடேயப்பா, எங்கள் வீதி! ஓட்டுகிற ஆளே தெரியாத உயரத்துக்கு மூட்டை ஏற்றிய டிவிஎஸ் ஃபிஃப்டி. தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய அண்ணன்கள். டிபன் கேரியரோடு ஷிஃப்டுக்கு ஓடுகிற அக்காக்கள். சாக்கடையில் ஓடும் சாயத்தண்ணி அன்றைக்கு ஊதாக் கலர். வீட்டுக்கு வீடு மெஷின் சத்தம்... அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கமே கலையும்.

ஐந்து நிமிடம் தாண்டியது. அம்மா பார்க்காமல் விட்ட இடம்.

டீக்கடை பெஞ்சில் அப்பா கேமராவை நேராக வைக்கிறார். எதிரே மாமா! மொட்டைத் தலையும் அழுத கண்ணுமாக ரேவதி அவர் மடியில். பன்னை டீயில் நனைத்து ஊட்டுகிறார்.

"வலிக்குதா கண்ணு? மாமன் இருக்கறனல்லோ, அழுகாத சாமி."

அப்புறம் கேமராவைப் பார்த்து, "மாப்ளே, அந்த டப்பாவ நிறுத்தீட்டீங்களா?"

"நிறுத்தீட்டனுங்க மச்சான். செவப்பு லைட்டு எரியுது பாருங்க!" என்கிறது அப்பாவின் குரல்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா மட்டும் எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எங்கண்ணன் கொரலு... மறந்தே போச்சுன்னு நெனச்சனே. இன்னொருக்காப் போடு கண்ணு."

நான்கு தடவை போட்டோம்.

இப்போதெல்லாம் காதுகுத்துக்கு ட்ரோன் வருகிறது. "மாமா, இங்க பாத்து ஸ்மைல் பண்ணுங்க" என்று மூன்று தடவை உட்கார வைத்து எடுக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. டீயில் பன் நனைக்கும்போது மட்டும் கேமராவை நிறுத்திவிடுகிறார்கள்.

சாயங்காலம் அம்மா அப்பாவுக்கு டீ கொண்டு வந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"நல்ல வேளைங்க, உங்களுக்கு நிறுத்தத் தெரியாமப் போச்சு."