பிளாஸ்டிக் இல்லாத சீர்வரிசை

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. மஞ்சப்பை. பிள்ளைகள் வைத்தது, இப்போது ஆசிரியர் அறையிலும் அதுதான் புழங்குகிறது. கேட்டால் கோபப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்வேனே தவிர, உள்ளுக்குள் பெருமைதான். எந்தக் கடைக்குப் போனாலும் துணிப்பை எடுத்துக்கொண்டு போவேன். பேப்பர் கப்பில் டீ கொடுத்தால் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவேன். வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும், கிழிந்த லுங்கி கரித்துணியாகும், கரித்துணி நைந்துபோன பிறகுதான் அதற்கு விடுதலை. இதையெல்லாம் கமுக்கமாகச் செய்தால் ஒரு தொந்தரவும் இல்லை. நான் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிச் சொல்லிச் செய்கிறவன்.

"நீங்க சிக்கனமா இருங்க, வேணாங்கல. அதுக்கு எதுக்குங்க மைக் செட்டு?" என்பாள் என் மனைவி.

அந்த மைக் செட்டுதான் என் தங்கையின் மானத்தை வாங்கியது. நினைத்தால் இப்போதும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

தங்கையைக் கொடுத்திருப்பது திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அவள் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. போன ஆவணியில் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். நான் தாய்மாமன். தாய்மாமன் சீர் எடுத்துப் போகாமல் அந்த விழா நடக்காது. ஊர் எல்லையில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் தட்டுகளை வரிசையாக வைத்து, மேளத்தோடு தெருவழியாக வீட்டுக்கு நடக்க வேண்டும். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெருவே நின்று பார்க்கும். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் என்ன மதிப்பு என்பதை அன்றைக்குத்தான் ஊர் எடைபோடும்.

ஒரு மாதத்துக்கு முன்பே தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, போன வருசம் எங்க ஓரகத்தி பொண்ணுக்கு அவங்க அண்ணன் டிராக்டர்ல சீர் கொண்டாந்தாரு. இன்னும் அதையே பேசிக்கினு இருக்காங்க. நம்ப வீட்ல இருந்து வர்றதும் கொஞ்சம் கண்ணுக்கு நெறைவா இருக்கட்டும்ண்ணா."

ஓரகத்தி என்றால் எதிர்வீட்டு அண்ணனின் மனைவி. மூத்த மருமகள். அவள் சொல்தான் அந்த இரண்டு வீட்டிலும் செல்லும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "சரிம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பாடம் எடுத்தேன். சீர்த்தட்டில் சுற்றுகிற கலர் கண்ணாடித் தாள் அன்று சாயங்காலமே குப்பைக்குப் போவதையும், அதை மாடு தின்பதையும், பிளாஸ்டிக் குடம் கொடுப்பது சீரே இல்லை என்பதையும் வகுப்பில் சொல்வதுபோல விளக்கினேன். 

"சரிண்ணா. உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாள்.

"பாத்தியா, எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்கறா" என்றேன் மனைவியிடம்.

"அவ புரிஞ்சிக்கினு சொல்லலீங்க. உங்ககிட்ட பேசி ஆவாதுன்னு சொன்னா."

நான் கஞ்சத்தனம் செய்யவில்லை. அதை மட்டும் அடித்துச் சொல்வேன். பட்டுப்புடவை, ஒரு ஜோடி தங்கக் கம்மல், கண்ணாடி வளையல், பழம், வெல்லம், மனைவி கையால் பிடித்த மல்லாட்டை உருண்டை, அதாவது வேர்க்கடலை உருண்டை, கேப்பை மாவு உருண்டை என்று எல்லாம் நல்ல பொருள்தான். தாம்பாளத்திலும் ஓலைப்பெட்டியிலும் வைத்து, மேலே வாழையிலை போட்டு மூடினோம். வேன் பிடிக்கவில்லை. விழுப்புரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ். தாம்பாளங்களை மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது.

பிள்ளையார் கோயிலில் மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். மனைவி புடவைத் தட்டோடு முன்னால் நடக்க, நான் மாலையோடு பக்கத்தில் நடந்தேன். எங்களோடு வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் மிச்சத் தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். தெரு திரும்புகிற இடத்தில் பின்னால் பார்த்தேன். எங்கள் வரிசை முடிந்திருக்க வேண்டிய இடத்தில் முடியவில்லை. முன்பின் தெரியாத பெண்கள் ஆளுக்கொரு தட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். ரோஸ் நிறக் கண்ணாடித் தாள் சுற்றிய சாக்லேட் கோபுரம், பொம்மை, சோப்பு டப்பா. கடைசியில் இரண்டு பேர் இடுப்பில் பளபளவென்று பிளாஸ்டிக் குடம்.

"யாருடி இவங்கல்லாம்?" என்றேன் மனைவியிடம்.

"பேசாம நடங்க. எல்லாம் உங்க சீருதான். அப்புறம் சொல்றேன்."

அவள் கண்ணைப் பார்த்ததும் விஷயம் பாதி விளங்கிவிட்டது. தங்கையின் வேலை. விளங்கியும்தான் அடுத்து நான் செய்ததைச் செய்தேன். அதனால்தான் தெரியாமல் நடந்துவிட்டது என்று என்னையே என்னால் ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

வாசலில் ஆரத்தித் தட்டோடு ஓரகத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் தங்கை. ஓரகத்தி எட்டிப் பார்த்தாள், வரிசை நீண்டுகொண்டே வருவதைப் பார்த்தாள், தங்கை பக்கம் திரும்பினாள்.

"பரவால்லியே, உங்க அண்ணன் வாத்தியாரு காசு விசயத்துல கெட்டின்னு சொன்னாங்க. நல்லாத்தான் செஞ்சிருக்காரு."

தங்கையின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அந்த வீட்டில் காத்திருந்தாள் போல.

அதே நேரம் போட்டோக்காரர் என்னைப் பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவில் நிற்கவைத்துக் கேமராவைத் தூக்கினார். இந்தப் படம் எப்படியாவது திண்டிவனத்துக்குப் போகும், மஞ்சப்பை சார் குடத்தோடு நிற்கிறார் என்று ஆசிரியர் அறையே சிரிக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. உண்மை பேசவேண்டும் என்பதற்காக நான் வாயைத் திறக்கவில்லை. என் பெயர் கெடக்கூடாது என்பதற்காகத் திறந்தேன்.

"இதெல்லாம் நான் எடுத்துக்கினு வர்லீங்க. நான் பிளாஸ்டிக் வாங்கறதே இல்ல. முன்னாடி இருக்கற தட்டுங்கதான் என்னுது."

மேளக்காரர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இதெல்லாம் யாரு வாங்கினது?" என்றாள் ஓரகத்தி.

குடம் வைத்திருந்த பெண் பாவம், ஒன்றும் தெரியாதவள். பதிலுக்காகத் தங்கையைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள்.

தங்கை அழவில்லை. "உள்ள வாண்ணா, நல்ல நேரம் போவுது" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மருமகளுக்கு மாலை போட்டேன். தங்கை தன் கையாலேயே எனக்குப் பரிமாறினாள். கிளம்பும்போது பலகாரத்தைத் தேய்த்துக் கழுவிய ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "கவர்ல குடுத்தா நீ வாங்க மாட்டியே" என்றாள். குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மனதாரத்தான் சொன்னாள்.

திரும்பும்போது விழுப்புரத்தில் பஸ் மாறி ஏறியதும் மனைவி எல்லாவற்றையும் கொட்டினாள். தங்கை பால் ஊற்றுகிற காசில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு சாமானாக வாங்கி, பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்து, மத்தியானத்தில் எல்லோரும் கொல்லையில் வயல்வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து தாள் சுற்றி, அன்றைக்குக் கோயிலில் உள்ளூர்ப் பெண்கள் கையில் கொடுக்க வைத்திருக்கிறாள்.

"அண்ணனுக்கு வேணாம்னா வேணாம். ஆனா அவர யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுண்ணின்னு சொன்னா. உங்க பேருக்காகத்தாங்க அவ வாங்கினா."

அன்றைக்கு ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தைத் திண்டிவனம் வரும்வரை நான் திருப்பவில்லை.

மறுநாள் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அத வுடுண்ணா, பெரிய விசயமா" என்றாள். ஆனால் மருமகள், தங்கை மகள்தான், ஒருநாள் பேச்சுவாக்கில் உளறிவிட்டாள். அந்த வீட்டில் தண்ணீர் பாய்ச்சுகிற முறைக்குச் சண்டை வந்தாலும், மாட்டுக்குத் தீவனம் வைப்பதில் சண்டை வந்தாலும், கடைசியில் எதிர்வீட்டுப் பெரியம்மா அங்கேதான் வந்து நிற்கிறாளாம். பிறந்த வீட்டுச் சீரைத் தானே வாங்கித் தானே எடுத்துக்கொண்டவள் என்று. அம்மா எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவாளாம்.

பொங்கல் வந்தது. இந்த முறை குறை வைக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். விழுப்புரம் கடைத்தெருவில் அரைநாள் சுற்றினேன். வெண்கலப் பானை, புதுத்துணி, கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி மூட்டை. அதோடு பிளாஸ்டிக் குடம், பக்கெட், சாக்லேட் கோபுரம் எல்லாம். பேன்சி ஸ்டோரில் நின்று ரோஸ் நிறத் தாள் போட்டுச் சுற்றச் சொன்னேன். குட்டி லாரி பிடித்து எல்லாவற்றையும் ஏற்றி, ஊருக்குள் நுழைந்ததும் ஹாரன் அடித்துக்கொண்டே போகச் சொன்னேன். தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. இதற்குத்தானே வந்தேன் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

தங்கை ஓடி வந்தாள். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

எதிர்வீட்டு வாசலுக்கு ஓரகத்தி வந்தாள். "வாங்க வாத்தியாரே" என்று எனக்கு ஒரு கும்பிடு போட்டாள். சாமான்களை ஒருமுறை கண்ணால் அளந்தாள். பிறகு என்னை விட்டுவிட்டுத் தங்கையைக் கேட்டாள்.

"இந்தத் தடவ எந்தக் கடையில வாங்கின?"

யாரோ சிரித்தார்கள்.

"நான் வாங்கினதுங்க! எல்லாம் நானேதான் வாங்கினேன்!" என்று நடுத்தெருவில் கத்தினேன். பில்லைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினேன்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தாதண்ணா. அன்னிக்கி நீ சொன்னத நம்பிட்டாங்க. இனிமே நீ இன்னா சொன்னாலும் நம்ப மாட்டாங்க."