முதுகில் மூடாத இடம்

கேஸ் கசிவது தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்ததில் என் முதுகும் இடது கையும் வெந்துபோயின. தொடையிலிருந்து தோலைச் சீவி ஒட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். கை ஆறியது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் மூடவே இல்லை. இப்படியே இருந்தால் மறுபடியும் தோல் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தீ சுட்டதைக்கூட மறந்துவிடுவேன், தொடை எரிந்ததை நினைத்தால் இப்போதும் குலை நடுங்குகிறது.

உட்கார முடியாது, படுக்க முடியாது. புதுக்கோட்டை வீட்டில் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ஆறிய இடமெல்லாம் நமைச்சல், சொறியவும் கூடாது. கோபம் மட்டும் குறைவில்லாமல் வந்தது.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றக் குளத்தூரிலிருந்து என் அக்கா வந்தாள். "மீனையும் முட்டையையும் கண்ணுலயே காட்டாத. புண்ணு சீழ் வச்சுரும். உப்பையும் கொறச்சுக்க" என்று என் மனைவியிடம் பத்தியம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ரசமும் பருப்பும்தான். எதிலும் உப்பே இல்லை.

"மனுசனுக்கா சமைக்கிற, மாட்டுக்கா?" என்று தினமும் கத்தினேன்.

"போட்டுத்தாங்க இருக்கேன்" என்பாள். நான் நம்பவில்லை. அக்கா பேச்சைக் கேட்டு ஆடுகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். துத்தநாகம் மிகக் குறைவு, செம்பும் குறைவு.

"தீப்புண்ணுல வடியிற நீரோட இதெல்லாம் போயிருங்க. அது இல்லாம புண்ணு சீக்கிரம் மூடாது. சாப்பாட்டுல ருசி தெரியுதா?"

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, மீனும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடச் சொன்னார்.

இது தெரிந்து அக்கா போனில் குதித்தாள். "ஆறலன்னா நீங்க வந்து தொடையக் குடுங்க, அண்ணி" என்று மனைவி வைத்துவிட்டாள். அவளுக்கு அப்படிப் பேச வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வாரங்கள் போயின. மீன் குழம்பும் சப்பென்றுதான் இருந்தது. கட்டு மாற்றும்போது, "ஓரத்துல தோல் ஏறுதுங்க" என்பாள். என்னைத் தேற்றச் சொல்கிறாள் என்று விட்டுவிடுவேன்.

ஒரு மதியம் முதல் கவளத்திலேயே நாக்கு கரித்தது. "உப்ப அள்ளிக் கொட்டிட்டியா? வாயில வைக்க முடியல!" என்று தட்டைத் தள்ளினேன். அவள் போனை எடுத்தாள்.

"டாக்டரம்மா, நாக்குக்கு ருசி திரும்பிருச்சுங்க! உப்புக் கரிக்குதுன்னு திட்டுறாருங்க!" என்றாள்.

நான் கத்தக் கத்த அவள் உப்பைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். எதிரே இருந்த அவள் தட்டைப் பார்த்தேன். அதே குழம்பு, பாதிக்கு மேல் சாப்பிட்டிருந்தாள்.