கதவு எண் இல்லாத மருந்துக்கடை

தொண்ணூறுகளில் மதுரை மருந்துக்கடைகளில் டெலிபோன் இருந்ததே, ஹரிநாராயணன் வருகிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான். அவர் மருந்து ஆய்வாளர். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் சட்டம். இரண்டையும் ஒரே வேகத்தில் பேசுவார். ஜீப்பில் போனால் தெரிந்துவிடும் என்று டவுன் பஸ்ஸில் போவார். பஸ் சிம்மக்கல்லைத் தாண்டுவதற்குள் ஆரப்பாளையத்துக்குத் தகவல் போய்விடும்.

"மாப்ள, கெளம்பிட்டாரு. சர்ட்டிபிகேட்டுக்காரரக் கூட்டியாந்து உக்கார வச்சிரு."

கடைச் சுவரில் தொங்கும் பார்மசி சான்றிதழுக்குச் சொந்தக்காரர் வேறெங்கோ வேலையில் இருப்பார். அன்றைக்கு மட்டும் கல்லா அருகே வியர்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஹரிநாராயணன் நோயாளி மாதிரி இருமிக்கொண்டு, சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்பார். "டாக்டர் சீட்டு இல்லாம நாங்க குடுக்கிறதே இல்ல சார்" என்று கடையே ஒரே குரலில் சொல்லும். அவர் போனதும் கொடுப்பார்கள். ஆனாலும் அவர் பஸ் ஏறிய நாட்களில் ஊரில் சட்டம் இருந்தது. இப்போது நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஏமாற்றுகிறவனுக்கு அன்றைக்கு ஒரு ஷட்டரும் கொஞ்சம் வெட்கமும் இருந்தன.

2006இல் காளவாசலிலிருந்து சோலையம்மாள் வந்து அவர் மேசையில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அழகுபாண்டி, பிரவுசிங் சென்டர் வச்சிருக்காரு சார். பைக்குல விழுந்து இடுப்பு வலின்னு ஆரம்பிச்ச மாத்திரை. வலி போயி வருசமாச்சு, மாத்திரை போகல. உங்களுக்குப் பயந்து இங்க கடைக்காரங்க நிறுத்திட்டாங்க. இப்ப கம்ப்யூட்டர்ல வரவழைக்கிறாரு, இந்த மாதிரிப் பெட்டிலதான் வருது. ஒரு நாளைக்கு எம்புட்டு முழுங்குறாருன்னு எண்ண முடியல. அந்தக் கடைய மூடிருங்க சார். இல்லாட்டி ஆளு தங்கமாட்டாரு."

முதலில் தானே வாங்கிப் பார்க்கவேண்டும், அதுதான் முறை. ஆபீஸில் இன்டர்நெட் இல்லாததால் ஆரப்பாளையத்தில் ஒரு சென்டரில் போய் உட்கார்ந்தார். அந்தக் கடையின் படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'மருந்து ஆய்வாளர்' என்று அடிக்கச் சொன்னார்.

"அண்ணே, வேற ஏதாச்சும் போடுவமா?" என்றார் சென்டர்காரர்.

"பொய்த் தகவல் குடுத்தா குத்தம்யா."

டாக்டர் சீட்டு இருக்கிறதா என்ற கேள்விக்கும் 'இல்லை' என்றே போட்டார். ஐந்தாம் நாள், 'திரு. ஹரிநாராயணன், மருந்து ஆய்வாளர்' என்று மேலே ஒட்டிய பார்சலில் மாத்திரைகள் வந்து சேர்ந்தன. அடுத்த முறைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடிச் சீட்டும் உள்ளே இருந்தது. ஊர் முழுக்க முகத்தைப் பார்த்தே நடுங்கிய மனிதரை, இந்தக் கடை தொழிலைச் சொல்லியும் கண்டுகொள்ளவில்லை.

மேலதிகாரியிடம் போனார்.

"லைசென்ஸ ரத்து பண்ணிருங்க."

"லைசென்ஸே வாங்கலையே சார்."

"அப்ப எதய்யா ரத்து பண்றது?"

பார்சலில் இருந்த அனுப்புநர் முகவரி வேறு மாநிலத்தில். அங்குள்ள மருந்து ஆய்வாளருக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: குறிப்பிட்ட கதவு எண்ணில் இருப்பது கல்யாண மண்டபம், அன்று முகூர்த்த நாள் ஆனபடியால் விசாரிக்க இயலவில்லை.

கடையைப் பிடிக்க முடியாது என்று ஆனபின், பெட்டியைப் பிடிப்பது என்று தீர்மானித்தார். காளவாசல் கூரியர் ஆபீஸ் மலையாண்டி, அழகுபாண்டி பேருக்குப் பார்சல் வந்ததும் போன் செய்வார். இவர் பஸ் ஏறுவார். இரண்டு சாட்சி வைத்து, பறிமுதல் விவரத்தை மகஜராக எழுதி, முறையாகப் பறிமுதல் செய்வார். அத்தனை பெரிய இன்டர்நெட் கடைக்கு எதிராக ஒரு மனிதர், ஒரு பேனா, மூன்று கார்பன் தாள்.

மூன்றாவது தடவை அழகுபாண்டியே கூரியர் ஆபீஸில் காத்திருந்தான்.

"விக்கிறவனப் பிடிக்கத் துப்பில்ல, வாங்குறவன் வாசல்ல வந்து நிக்கிறீங்களா?"

"ஆமா. அவன் வாசல் எங்கன்னு தெரியல."

"இப்படி எம்புட்டு நாளைக்கு வருவீங்க?"

"ரிடயராக ரெண்டு வருசம் இருக்கு. இங்க போடு கையெழுத்து."

அழகுபாண்டி அவரையே பார்த்தான். பிறகு ஏனோ சிரித்துவிட்டு, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

ஐந்தாவது பார்சலுக்கு ஆள் வரவில்லை. வேறு வழியில் வரவழைக்கிறானோ என்ற பயத்தோடு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹரிநாராயணன் வீட்டுக்கே போனார். சோலையம்மாள் கதவைத் திறந்தாள்.

"நேத்து தானாப் போயி பெரியாஸ்பத்திரில சேந்துட்டாரு சார். இந்த ஆபீசரு வர்றத நிறுத்தமாட்டாரு, நான்தான் முழுங்குறத நிறுத்தணும் போலன்னாரு."

ஹரிநாராயணன் பெட்டியை வாசற்படியில் இறக்கி வைத்தார். பிறகு மகஜர் தாளை எடுத்தார்.

"அப்ப இதுல யாரு கையெழுத்துப் போடுறது?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடைய மூட முடியலம்மா," என்றார். "இப்ப வேற பேருல நடக்குது."

"அது கெடக்கு சார்," என்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.